இரண்டு நிமிஷ ப்ராசசர்

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்தவனுக்கு ஊர் முழுக்க மேலதிகாரிகள். திருப்பதியில் கடை வைத்தவனுக்கு அமெரிக்காவிலும் உண்டு. ஸ்க்ரூடிரைவர் பிடித்துப் பிழைக்கிற சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா!

அமெரிக்க உத்தரவு

விஜயபுரம் பக்கத்துக் கடலை விவசாயி முனிரத்தினம், மனைவி செல்லம்மாவோடு பஸ்ஸில் வந்திறங்கினார். கையில் மகன் இன்ஜினியரிங் படிக்கும்போது வாங்கிய கம்ப்யூட்டர் பெட்டி. அமெரிக்காவிலிருந்து ஞாயிறுதோறும் வீடியோவில் வரும் மகன், இரண்டே நிமிஷத்தில் "படம் நிக்குது, உங்க ப்ராசசர் சரியில்ல" என்று வைத்துவிடுவானாம். பாவம், இவர்களுக்கு அவனோடு கொஞ்ச நேரம் பேச வேண்டும். புதிதாக வந்த ஒரு ப்ராசசரின் பேரையும் அவனே சொல்லி அனுப்பியிருந்தான். இந்தப் பழைய மதர்போர்டில் அது உட்காரவே உட்காராது, செருகுகிற சாக்கெட்டே வேறு என்றேன். முனிரத்தினம் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எம்பையன் அமெரிக்காவுல கீறான். நீ திருப்பதியிலதானே கீற?"

குளிர்ச்சி

ஃபேனைக் கழற்றினேன். ப்ராசசர் மேல் சூட்டைக் கடத்தும் பேஸ்ட் இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சளாக ஏதோ காய்ந்து வெடித்திருந்தது. மோந்து பார்த்தால் சந்தனம்! இன்ஜினியரைப் பெற்ற வீட்டின் லட்சணம் இது. செல்லம்மாவிடம் கூச்சமே இல்லை.

"பேஸ்ட்டு காஞ்சிப்போச்சின்னு டிவி மெக்கானிக் சொரண்டிட்டான். சூடு ஆவக்கூடாதுன்னு நாந்தான் பூசினேன். பெருமாளுக்கே அதுதானே சாத்துறாங்க?"

பாஸ்கரின் வியாபாரம்

அந்த போர்டு ஏற்றுக்கொள்வதிலேயே வேகமான ப்ராசசர் எது என்று பார்த்து, பழைய சரக்கில் தேடிக்கொண்டிருந்தேன். கடைக் கூட்டாளி பாஸ்கருக்குப் பொறுக்கவில்லை. உள்ளதைச் சொல்லி வியாபாரம் செய்வது அவனுக்குத் தொற்றுநோய் மாதிரி, கிட்டவே போகமாட்டான்.

"அமெரிக்கா பார்ட்டிப்பா! புதுப் பெட்டியே தள்ளி வுடாம பழசு தேடிக்கினு கீற?"

படம் நிற்கவில்லை

ப்ராசசரைப் போட்டு, சரியான பேஸ்டும் தடவி, ஞாயிற்றுக்கிழமை காலை கடையிலேயே மகனைக் கூப்பிட வைத்தேன். கண்ணாடி மாதிரி படம். "துன்னியா நைனா?" என்றார் செல்லம்மா. சாப்பிட்டானாம். மழை பெய்ததா என்று கேட்டான். அப்புறம் வாட்ச்சைப் பார்த்தான். "சரிம்மா, ஒரு மீட்டிங் இருக்கு." அதே இரண்டு நிமிஷம். அங்கே சனிக்கிழமை ராத்திரி, மீட்டிங்காம்! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. செல்லம்மா மட்டும் இருண்ட திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"இப்போ எந்தப் பார்ட்ட மாத்தணும் தம்பி?"

கோளாறு பெட்டிக்குள்தான் இருக்கிறது என்று பெற்றவர்கள் நம்புகிறவரைக்கும் என் கடையில் வேலைக்குப் பஞ்சமில்லை.