ஜரீனாக்காவின் மூக்கு

போன வாரம் செருப்புக் கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் ஒரு ஷூவின் அடியில் சொல்யூஷன் பசை தடவிக்கொண்டிருந்தார். அந்த வாசனை பட்டதும் எனக்குப் பசித்தது. உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் இருந்தவர்களுக்கு அது சாப்பாட்டு வாசனை. எவ்வளவு சோப்புப் போட்டாலும் விரலை விட்டுப் போகாது. சோற்றோடு சேர்ந்தே வாய்க்குள் போகும்.

நான் தையல் மெஷினில் இருந்தேன். ஜரீனாக்கா எனக்குப் பின்னால், பசை தடவும் மேசையில். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அவளுக்கு அந்த மேசைதான். ஆர்டர் இல்லையென்று கம்பெனியை மூடிய அன்று இருவரும் பஸ்ஸுக்கு நின்றோம். அக்கா சொன்னாள்: "எனக்குத் தெரிஞ்சதே ரெண்டு வேல. ஒண்ணு போயிட்ச்சி. சோறு ஆக்கி விக்கலாமா?"

அவள் வீட்டு அடுப்பில் ஆரம்பித்தோம். குஸ்கா, தால்ச்சா, கத்திரிக்காய்த் தொக்கு. வெள்ளிக்கிழமை கவுச்சி தொடாத பெண்களுக்கு எலுமிச்சை சாதம். பொட்டலம் கட்டி, பக்கத்துக் கம்பெனி வாசலில் நான் கொண்டுபோய் விற்பேன். சமையலில் எனக்குப் பங்கில்லை. நான் வைக்கும் ரசத்தை என் வீட்டுக்காரர் இன்றும் கண்ணை மூடிக்கொண்டுதான் குடிக்கிறார். என்னிடம் உருப்படியாக இருந்தது மூக்கு ஒன்றுதான்.

"சளி புட்சிருக்கு, நீ மோந்து சொல்லு" என்று அக்கா கரண்டியை நீட்டுவாள். மசாலா பச்சை வாடை போயிற்றா, கறி புதுசா, எண்ணெய் சிக்கடித்ததா, எல்லாம் நான்தான் சொல்வேன். கோடையிலும் அவளுக்குச் சளி இருந்தது. அவள் சொன்னாள், நம்பினேன்.

வாசலில் எங்களுக்காகப் பெண்கள் காத்து நிற்கத் தொடங்கியிருந்தார்கள். அக்காவின் மகள் மேல்விஷாரத்திலிருந்து பிரசவத்துக்கு வந்திருந்த சமயம் அது. மழைக்காலம். காலையில் காய்கறிப் பையோடு போனேன். தெருமுனையிலேயே கேஸ் வாடை. ஓடினேன். ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. அடுப்புக்கு முன்னால் அக்கா தீப்பெட்டியோடு நின்றிருந்தாள்.

"அக்கா, கிழிக்காத. அத கீழ போடு."

போட்டாள். நான் சிலிண்டரை மூடி, ஜன்னல்களைத் திறந்தேன். ரப்பர் குழாயை எலி கடித்திருந்தது. உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்த மகளையும் பச்சைக் குழந்தையையும் தெருவுக்குக் கூட்டிவந்தோம்.

"நெசமாவே வாசன வருதா?" என்று அக்கா என்னைக் கேட்டாள்.

"தெருமுன வரைக்கும் வருதுக்கா."

"ஒரு குச்சி நமுத்துப்போயி பத்தல. அடுத்தது எடுத்துக்கினு இருந்தேன்" என்றாள்.

அக்காவை வேலூருக்குக் கூட்டிப்போய்க் காட்டினோம். என்ன வேலை பார்த்தாள் என்று டாக்டர் விசாரித்தார். பசையிலேயே இருந்ததில் மூக்கு நரம்பு செத்துப்போயிருக்கும், இனிமேல் திரும்பாது என்றார். போய் நஷ்டஈடு கேட்கலாம் என்றால் எங்கள் கம்பெனி வாசலில் பூட்டுத் தொங்கியது. அம்மாவை இனி அடுப்படிக்குள் விடமாட்டேன் என்று மகள் மேல்விஷாரத்துக்கே கூட்டிப் போய்விட்டாள். நான் தனியாகச் சமைத்துப் பார்த்தேன். பக்கத்துக் கம்பெனிப் பெண்கள் நல்லவர்கள், கொஞ்ச நாள் சகித்துக்கொண்டார்கள். பிறகு, "வீட்லேர்ந்தே எடுத்தாந்துட்டோங்க்கா" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் உள்ளே போனார்கள்.

அக்கா குடியிருந்த வீட்டை இடித்துச் செல்போன் கடை கட்டிவிட்டார்கள். நாங்கள் விற்ற வாசலில் இப்போது கம்பெனியும் இல்லை.

ரம்ஜானுக்குப் பிறகு அக்காவைப் பார்க்கப் போனேன். அக்காவின் மகள் சொன்ன பக்குவத்தில் பிரியாணி செய்து எடுத்துப்போயிருந்தேன். மெலிந்திருந்தாள். ஒரு வாய் வைத்துவிட்டு நிறுத்தினாள்.

"புதினா போட்டியா?"

"போட்டேங்க்கா."

"ஜாஸ்தியா?"

"ஜாஸ்திதான்."

"அப்ப நல்லாதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு முடித்தாள்.