கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பேர் கேட்டவள்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். எனக்கு நடந்தது இது. பேய் ராத்திரிதான் வரும் என்று யார் சொன்னார்களோ, அவர்களைக் கூட்டி வந்து அந்த அறையில் சாயந்திரம் ஆறே முக்காலுக்கு உட்கார வைக்க வேண்டும்.

என் பெயர் ரெனிட்டா. பிளஸ் டூ படிக்கிறேன். ஊர் ஆம்பூர். என் தம்பி ஜோவினுக்கு எட்டு வயது, ரத்தப் புற்றுநோய். போன மாதம் வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் தனி அறையில் வைத்திருந்தார்கள். அறைக்கு இரண்டு கதவு, நடுவில் கை கழுவும் இடம். கிருமி வராமலிருக்க, ஒன்றைச் சாத்தினால்தான் மற்றது திறக்கும். அம்மா ஷூ கம்பெனி வேலை முடிந்து வரும்வரை நான்தான் துணை.

உள்கதவின் கண்ணாடியில் ஒரு அம்மா தெரிந்தார். ஊதாப் புடவை, கையில் பைபிள். எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் ஜெபம் செய்கிறவர்கள் இப்படித்தான் வருவார்கள். நோயாளியின் பேரைக் கேட்டு, பேர் சொல்லி ஜெபிப்பார்கள். வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டோம்.

"புள்ள பேர் இன்னாம்மா?"

சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் பார்த்தேன்... மாஸ்க் இல்லை. உதடும் அசையவில்லை.

பெல்லை அழுத்தினேன். யாரும் வரவில்லை. ஓட வேறு வழியும் இல்லை. கதவுப் பிடியை இழுத்தேன். அசையவில்லை. அவருக்குப் பின்னால் வெளிக்கதவு திறந்தே கிடந்தது.

டக்... டக்... கண்ணாடியில் விரல்.

"பேர் சொல்லு."

மூன்று நாளாகக் காய்ச்சலில் தலை தூக்காத ஜோவின் எழுந்து உட்கார்ந்திருந்தான். கண் மூடியே இருந்தது.

"எம் பேரு ஜோ..."

அவன் வாயைப் பொத்தினேன்.

"ரெனிட்டா!"

கத்தியது நான்தான்.

அந்த அம்மா தலையாட்டினார்.

வெளிக்கதவு சாத்திக்கொண்டது.

விடியற்காலை பக்கத்து அறைச் சிறுவன் ஹம்மாத் இறந்துபோனான். அவன் அம்மா ஷஹீன் பானு என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்.

"நேத்து ஜெபம் பண்ண ஒரு அம்மா வந்தாங்கம்மா. யார் பண்ணா இன்னா, நல்லதுதானேன்னு எம் புள்ள பேரைச் சொன்னேன். அதுக்குள்ள இப்டி ஆய்டுச்சே..."

சிஸ்டரிடம் கேட்டேன்.

"இந்த வார்டுக்குள்ள ஜெபம் பண்றவங்கள விடவே மாட்டோமே," என்றார்.

ஜோவினுக்கு அன்றே காய்ச்சல் விட்டது. போன வாரம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்று எனக்குத் தொடங்கிய காய்ச்சல்தான் விடவில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இதை நான் எழுதுவது ஹம்மாத் இருந்த அறையிலிருந்து.

தம்பி பேரைச் சொல்லியிருக்கலாம் என்று ஒரு தடவைகூட நினைத்ததில்லை. பயமாக மட்டும் இருக்கிறது. அன்று யார் பேரைக் கொடுத்தேன் என்று அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.