காலித் துப்பாக்கி

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில் தூத்துக்குடியில் தோட்டா கிடைப்பதே அரிது. லைசென்சு வைத்திருந்த பலர் துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டு மூலையில் சாத்திவிட்டார்கள். நான் விடவில்லை. பதினெட்டு வருஷம் பழகிய கை. திரேஸ்புரத்துக்கு வடக்கே உப்பளங்களில் சிறகி வாத்து இறங்கினால் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

துணைக்கு என் மனைவியின் தம்பி வருவான். துறைமுகத்தில் கிளார்க். அவனும் சுடுவான், ஆனால் ஒவ்வொரு வரப்பு ஏறும்போதும் துப்பாக்கியை நடுவில் மடித்துத் திறந்து, குழலுக்குள் தோட்டா இருக்கிறதா என்று பார்ப்பான்.

“உள்ள என்னலே, முட்டையா வச்சிருக்க?” என்பேன். சிரித்துக்கொள்வான்.

அன்று காலை என் இரட்டைக்குழல் துப்பாக்கியால் இரண்டு வெடி வைத்தேன். இரண்டு பறவை விழுந்தன. உப்பு வாரும் ஆட்களின் கொட்டகையில் வந்து உட்கார்ந்தோம். துப்பாக்கி என் மடியில் கிடந்தது, குழல் அவன் பக்கமாக.

“அத்தான், ஒரு தடவ மடிச்சுப் பாத்துருங்க.”

“ரெண்டு வெடியும் உனக்குக் கேக்கலியா?”

“கேட்டுது. இருந்தாலும் பாருங்க.”

ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. “இவரு எனக்குப் பாடம் சொல்லுதாரு” என்றேன். அவர்கள் சிரித்தார்கள். “காலியா இல்லியான்னு நீயே பாரு” என்று குழலை அவன் முழங்காலுக்கு நேரே வைத்து விசையை இழுத்தேன்.

நடந்து வரும்போதே ஒரு தோட்டாவைப் போட்டிருக்கிறேன். பழகிய கை தன்பாட்டுக்குச் செய்த வேலை. எனக்கு நினைவே இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகும் மாட்டுவண்டியில் அவன் சொன்னான், “அக்காவுக்குச் சின்னப் புள்ளைய இருக்கு. துப்பாக்கி என் கைல இருந்துது, தடுக்கி விழுந்தேன்னு சொல்லிருதேன்.” நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. போலீசிடம் அப்படியே எழுதிக் கொடுத்தான். காலைத் தொடையோடு எடுத்தார்கள். வேலை போயிற்று. அவனுக்குப் பேசி முடித்திருந்த பெண்ணை வேறு இடத்தில் கொடுத்துவிட்டார்கள்.

“துப்பாக்கி எல்லாருக்கும் சரிப்படுமா அண்ணாச்சி? உங்கள மாதிரிக் கை வேணும்லா” என்று ஊரார் என்னிடமே சொன்னார்கள். தலையாட்டினேன். ஒருமுறை அவன் பக்கத்தில் இருக்கும்போதே ஆட்டினேன். அவன் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டான்.

சுடுவதையும் நான் நிறுத்தவில்லை. முதல் ஆறு மாதம் பயந்து பயந்து மடித்துப் பார்த்தேன். பிறகு எப்போதாவது. பிறகு அதுவும் இல்லை.

மறு வருஷம் ஒரு மத்தியானம் துப்பாக்கியைச் சுவரில் மாட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். என் மனைவி அதை இறக்கி மடித்துப் பார்த்தாள். ஒரு தோட்டாவை உருவி இலைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“உள்ள கெடந்துது. புள்ளைய இந்தச் சுவத்துக்குக் கீழதான் வெளையாடுது.”

நான் சோற்றைப் பிசைந்தேன்.

“நீங்க எப்படிச் சுட்டீங்கன்னு தம்பி ஆஸ்பத்திரியிலயே எங்கிட்ட சொல்லிட்டான்” என்றாள். “இன்னுங் கொஞ்சம் சோறு வைக்கட்டா?”

மறுநாள் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்தேன். ஏன் என்று கேட்ட ஏட்டிடம், கண் பார்வை மங்கிவிட்டது என்று சொன்னேன்.