எலிக்கு உண்டு, எனக்கு இல்லை

போன ஞாயிற்றுக்கிழமை நீடாமங்கலம் பக்கம் ஒரு வரப்பில் உட்கார்ந்து கோரைக்கிழங்கை முகர்ந்துகொண்டிருந்தேன். ஆமாம், விவசாயிகள் பார்த்தாலே பல்லைக் கடிக்கிற அதே களைதான். மண்ணைத் தட்டிவிட்டு நகத்தால் கீறினால்... கற்பூரமும் ஈர மண்ணும் கலந்த மாதிரி ஒரு வாசனை!

என் மனைவி சுமதி தஞ்சாவூரில் ஆராய்ச்சி செய்கிறாள். குடலில் புண் வந்த எலிகளுக்கு இந்தக் கிழங்கிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பொருளைக் கொடுத்துப் பார்க்கிறாள். சில எலிகளுக்குப் புண் ஆறியிருக்கிறது. அதைச் சொன்ன அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

எனக்கும் அதே கோளாறுதான் — பெருங்குடல் அழற்சி. திடீரென்று வயிற்றைப் பிசையும், ரத்தம் போகும். மாத்திரைக்கு அடங்கும், முழுசாகப் போகாது. எந்த ஊருக்குப் போனாலும் கண் முதலில் தேடுவது கோபுரத்தை அல்ல, டாய்லெட்டை.

கிழங்கு தோண்டத்தான் அவள் தம்பி செந்திலின் வயலுக்கு வந்திருந்தோம். மெதுவாகக் கேட்டேன்.

"எனக்கும் கொஞ்சம் கஷாயம் வெச்சுக் குடேன், சுமதி."

"முடியாதுங்க."

செந்தில் சிரித்தான். "இதப் பறிச்சுப் பறிச்சே என் இடுப்பு போச்சு. நீ மருந்துங்கிற! அத்தானுக்கு ஒரு டம்ளர் குடுத்தா என்னக்கா?"

அவள் குனிந்து அடுத்த கிழங்கைத் தோண்டினாள். காற்று வந்தது. பயிர் மொத்தமும் ஒரு பக்கம் சாய்ந்து, யோசித்து, நிமிர்ந்தது. அதைப் பார்க்கப் பார்க்க நான் எங்கேயோ மிதந்துகொண்டிருந்தேன்... கல்யாணப் பந்தியில் இரண்டாவது தடவை சாம்பார் கேட்கிறேன். யோசிக்காமல் திருவாரூர் பஸ்ஸில் ஏறுகிறேன். ஜன்னலோரம் தூங்குகிறேன்...

வயிறு முறுக்கியது.

சுற்றிலும் வயல். வீடு எங்கோ தூரத்தில். செந்தில் உடனே பைக்கைக் கிளப்பினான். "கெட்டியா புடிச்சுக்குங்க, அத்தான்!" வாய்க்கால் கரையில் குலுங்கிக் குலுங்கிப் போய்ச் சேர்ந்தோம். மானம் தப்பியது. ஆனால் ரத்தம்... பல மாதங்களுக்குப் பிறகு.

சுமதி வந்ததும் டாக்டருக்குப் போன் செய்தாள். அவர் மாத்திரையின் அளவைக் கூட்டி, மறுநாளே நேரில் வரச் சொன்னார். கட்டிலில் படுத்தபடி மறுபடியும் ஆரம்பித்தேன்.

"நான் எலியாப் பொறந்திருக்கலாம்."

அவள் சிரிக்கவில்லை. "ஆறுன எலியப் பத்தி மட்டுந்தான் உங்ககிட்ட சொன்னேன். ஆறாததும் இருக்கு. செத்துப்போனதும் இருக்குங்க. ஏன்னு தெரியாது. எவ்வளவு குடுக்கலாம், உங்க மாத்திரையோட சேந்தா என்ன பண்ணும்... எதுவும் தெரியாது. உங்கள வெச்சு நான் கத்துக்க மாட்டேன்."

குரல் உடைந்துவிட்டது. அவள் கையை இழுத்து வைத்துக்கொண்டேன். ஜன்னலில் மஞ்சள் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. எங்கோ ரயில் ஒன்று நீளமாகக் கூவியது. அப்படியே கண்ணயர்ந்துவிட்டேன்.

இந்த வாரம் ரத்தம் நின்றிருக்கிறது. ரசம் சாதம் இறங்குகிறது. சுமதி வழக்கம்போல லேபுக்குப் போய்விட்டாள். மருந்து வரலாம், வராமலும் போகலாம். வரும்வரை மாத்திரைதான்.

'தெரியாது' என்று சொல்ல எவ்வளவு பிரியம் வேண்டியிருக்கிறது! வாட்ஸ்அப்பில் பாருங்கள்... அங்கே எல்லோருக்கும் எல்லாம் தெரிகிறது.