குறுக்கே ஒரு பிள்ளையார்

மலைமேல் இருக்கிற திருப்புலி நாட்டிலிருந்து அப்பாவை அழைத்துக்கொண்டு இறங்கி, சேந்தமங்கலத்துக்கு வெளியே புதிதாகப் பிரித்த மனையில் வீடு கட்டினேன். ஆஸ்பத்திரி பக்கம் என்றுதான் அந்த மனையையே வாங்கினேன். மாடியில் நின்றால், தெருமுனைக்கு அந்தப் பக்கம் அதன் போர்டு தெரியும்.

மலையில் எந்த ஒற்றையடிப் பாதையும் ஏதாவது ஓர் ஊரில் கொண்டுபோய் விடும். இங்கே தார் போட்ட தெரு முட்டிக்கொண்டு நிற்கிறது. எங்கள் தெருவுக்கு நேரெதிரே, அடுத்த மனைப்பிரிவில் வீடு கட்டியவர், தெருக்குத்து குடும்பத்துக்கு ஆகாது என்று குறுக்கே மார்பளவு சுவர் எழுப்பி, அதன்மேல் பிள்ளையாரையும் வைத்துவிட்டார். திருட்டுப் பயம் விட்டது என்று எங்கள் தெருக்காரர்களும் வாயைத் திறக்கவில்லை.

ஒரு காலையில் அப்பாவுக்கு மூச்சு முட்டியது. ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு மெயின் ரோட்டுக்குப் போனால், பஸ்ஸும் லாரியும் அடைத்துக்கொண்டு நின்றன. எல்லா மனைப்பிரிவுக்கும் வாசல் அந்த ஒரே ரோடுதான். அப்பாவின் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. வண்டியைத் திருப்பச் சொல்லி, சுவருக்கே வந்தேன்.

“ஏனுங்க! அப்பாவைக் கொஞ்சம் புடிங்க!” என்று கத்தினேன்.

சுவர் கட்டிய எதிர்வீட்டுக்காரர் ஓடிவந்து இரண்டு கைகளையும் நீட்டினார். அப்பாவின் தலை அவர் தோளில் சாய்ந்தது. நானும் ஆட்டோக்காரரும் இந்தப் பக்கமிருந்து கால்களைத் தூக்கினோம்.

“பாத்துங்க,” என்றார் அவர். “காலு சாமி மேல பட்டுறப் போவுதுங்க.”