அக்காவின் நிறத்துக்கு ஒரு மொனிற்றர்

சனிக்கிழமை, காலை 6.20. கண்டாவளையில் எங்கள் வீட்டுப் படலையைச் சாத்திவிட்டு இறங்கினேன். பரந்தன் சந்தி பத்துக் கிலோமீற்றருக்குள்தான், ஆனால் பஸ்ஸை நம்பி நின்றால் நின்றபடிதான். பால் ஏற்றிப் போன ஓட்டோவில் கான்களுக்கு நடுவே ஒடுங்கிக்கொண்டு போனேன். போகிற காரியம், கொம்பியூற்றருக்கு ஒரு மொனிற்றர் வாங்குவது. இதற்கெல்லாம் ஒரு பயணக் கட்டுரையா என்று கேட்பீர்கள். கேளுங்கள். எனக்கும் கதைக்க வீட்டில் இப்போது ஆளில்லை.

என் தொழில் கல்வெட்டு அட்டை செய்வது. கல்வெட்டு என்றால் கோயில் சுவரில் இருப்பது இல்லை. எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் சிறு புத்தகம். உள்ளே தேவாரமும் வாழ்க்கை வரலாறும் நன்றி நவிலலும் இருக்கும், அட்டையில் இறந்தவரின் முகம் இருக்கும். அந்த முகத்தைத் துடைத்து, பின்னால் வானம் வைத்து, கிளிநொச்சியில் ஒரு அச்சகத்துக்கு அனுப்புவேன். படம் கொண்டுவருகிற எல்லோருக்கும் ஒரே ஒரு வேண்டுகோள்தான்: கொஞ்சம் வெள்ளையாக்கி விடுங்கோ. நானும் ஆக்கி விடுவேன். செத்த பிறகாவது வெளுக்கட்டுமே என்று.

அக்கா ஒருநாள் நான் செய்த அட்டை ஒன்றை எடுத்துப் பார்த்து, இது ஆர் என்று கேட்டா. எங்கள் வயலுக்கு அடுத்த வயல்காரர் அவர். முப்பது வருடம் ஒரே வாய்க்காலில் தண்ணி மறித்தவர். அவரையே அவாவுக்குத் தெரியவில்லை.

"என்னைச் செய்யேக்க என்ர நிறத்திலயே விடு," என்றா. "இல்லாட்டி வாற சனம் வேற ஆற்றையோ வீட்டுக்கு வந்திட்டம் எண்டு திரும்பிப் போயிடும்."

சிரித்தோம். இன்றைக்கு அவா போய்ப் பத்தொன்பதாம் நாள். திங்கட்கிழமை அட்டை அச்சகத்தில் இருக்கவேண்டும். வியாழக்கிழமை பார்த்து என் மொனிற்றர் குறுக்கே கோடு விழுந்து, இரண்டு தரம் மினுங்கி, கறுத்துப் போய்விட்டது. கிழட்டு மொனிற்றர், பதினொரு வருடம் உழைத்தது. அச்சக அண்ணையிடம் சொன்னால் தானே அட்டையைச் செய்துவிடுவார். ஆனால் அவர் கை வைத்தால் அக்கா சந்தனக் கட்டையாக வருவா. கைத்தொலைபேசியோ கேட்காமலே ஆட்களை வெளுக்கிற சாமான். ஆகவே புதிது ஒன்று, அதுவும் நிறம் பொய் சொல்லாத ஒன்று வேண்டும். அக்கா கடைக்குக் கொண்டுபோகிற பச்சைப் பின்னல் பைக்குள், நான் கமராவில் எடுத்த அவாவின் படம் போட்ட பென் ட்றைவை வைத்துக்கொண்டு புறப்பட்டேன்.

7.10. பரந்தனில் பஸ் ஏறி, கொண்டக்டரிடம் "கிளிநொச்சி ரெண்டு" என்றேன். அவர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். ஒன்று என்று திருத்திச் சொன்னேன். ஐந்து கிலோமீற்றர் தூரம் வெளியே பார்த்துக்கொண்டே போனேன்.

8.30. கிளிநொச்சியில் கடை திறக்கும்வரை காத்திருந்து இரண்டு கடை ஏறி இறங்கினேன். முதல் கடையில் எல்லா மொனிற்றரிலும் ஒரே நீர்வீழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. நீர்வீழ்ச்சி எந்த நிறத்தில் விழுந்தால் எனக்கென்ன? பென் ட்றைவைக் கொடுத்தேன். அக்கா இளஞ்சிவப்பாக வந்தா, கல்யாண வீட்டுக்கு மேக்கப் போட்ட மாதிரி. விலை முப்பத்தெட்டாயிரம். கடைக்காரத் தம்பி, முகம் பளிச்செண்டு இருக்குப் பாருங்கோ அக்கா என்றார், நல்ல மனதோடுதான். அடுத்த கடையில் நீலம் பாரித்து வந்தா. சவப்பெட்டிக்குள் கிடந்தபோது அந்த நிறத்தைப் பார்த்தவள் நான். பென் ட்றைவைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். வவுனியாவுக்குப் போவதென்று முடிவு செய்தது அந்த வாசலில்தான்.

9.50. நான் ஏறிய யாழ்ப்பாண பஸ் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் நின்றது. ஏ9 வீதியில் போகிற வண்டி எதுவும் அந்தப் பிள்ளையாரைக் கும்பிடாமல் தாண்டுவதில்லை. எல்லோரும் இறங்கிப் போக நான் மட்டும் இருந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா, இறங்கேல்லையோ பிள்ளை என்று கேட்டா. துடக்கு என்றேன். முப்பத்தொன்று கழியும்வரை நாங்கள் கோயில் வாசல் மிதிப்பதில்லை. ஆர் என்று கேட்டா. அக்கா என்றேன். திரும்பி வரும்போது ஒரு பக்கற் கச்சான் வாங்கிவந்து என் மடியில் வைத்தா. தனக்கு வாங்கவில்லை. மாங்குளம், புளியங்குளம், ஓமந்தை எல்லாம் தாண்டுவதற்குள் அந்த வறுத்த கடலையை ஒவ்வொன்றாகத் தின்று முடித்தேன்.

11.20. வவுனியா. கிளிநொச்சியிலிருந்து எண்பது கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. பஸ் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு கடையில், முப்பது நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் தனியே இருந்தார். விசயத்தைச் சொன்னேன். அவர் விளம்பரம் ஒன்றும் பேசாமல் மூன்று மொனிற்றரை ஒரே மேசையில் வரிசையாக வைத்தார். கடைக்காரர்கள் ஆட்களை மயக்க நிறத்தைக் கூட்டி வைத்திருப்பார்களாம், அதையெல்லாம் மூன்றிலும் பழைய நிலைக்குக் கொண்டுவந்தார். பிறகு மூன்றிலும் அக்காவைத் திறந்தார்.

எங்கள் வீட்டுக் குசினி வாசலில் முகம் சுளித்துக்கொண்டு மூன்று அக்கா. ஒருத்தி செம்மண், ஒருத்தி மாநிறம், ஒருத்தி நல்ல கறுப்பு. என் பழைய மொனிற்றர் எப்படிக் காட்டியது என்று கேட்டார். மஞ்சள் அடித்து, கொஞ்சம் இருட்டாக என்றேன். வயது போக உள்வெளிச்சம் மங்கும், அதால இருட்டாகத்தான் காட்டும், நீங்கள் தேவைக்கு மேல வெளுத்திருப்பியள் என்றார். அச்சக அண்ணை ஒருதரம், "தங்கச்சி, உங்கட ஆக்கள் எல்லாரும் பவுடர் போட்டுக்கொண்டே செத்தவை?" என்று கேட்டது பகிடி இல்லை. எத்தனை வீட்டு அலுமாரியில் அந்தச் சுண்ணாம்பு முகங்கள் இருக்கும்?

"இதில எது சரி?" என்று கடைக்காரர் கேட்டார்.

மூன்றையும் பார்த்தேன். முன்னால் போய்ப் பார்த்தேன், தள்ளி நின்று பார்த்தேன். தெரியவில்லை. ஐம்பத்திரண்டு வருடம் பார்த்த முகம். ஒரே குசினியில் ஒரே சட்டியில் சாப்பிட்டவள் நான். பத்தொன்பது நாளில் அவாவின் நிறம் எனக்கு மறந்து போயிற்று. வீட்டில் கேட்பதற்கு இன்னொரு ஆள் இருந்தால் கேட்டிருப்பேன். இருந்த ஒரே ஆள் அவாதான். கடைக்குள் நின்று அழுதேன். வெட்கமாகத்தான் இருந்தது, அதற்கு என்ன செய்ய?

அவர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். பிறகு சொன்னார்:

"அவாவைப் பாக்காதேங்கோ. படத்தில உங்களுக்கு நிறம் தெரிஞ்ச சாமான் ஏதும் இருக்கோ, அதைப் பாருங்கோ."

பார்த்தேன். அக்காவுக்குப் பின்னால் குசினிக் கதவில் ஒரு பை தொங்கியது. அது என் தோளில் தொங்கிக்கொண்டிருந்த பைதான். கழற்றி மொனிற்றருக்குப் பக்கத்தில் பிடித்தேன். முதலாவதில் பை கிளிப்பச்சை. இரண்டாவதில் பாசி. மூன்றாவதில், மூன்று வருட வெயிலில் வெளிறிய பச்சையும், வாழைக்காய்க் கறை பிடித்த அடிப்பக்கமும், கையில் இருந்தபடியே அங்கேயும் இருந்தன. பிறகுதான் மெல்லக் கண்ணை நகர்த்தி முகத்தைப் பார்த்தேன். நல்ல கறுப்பு. காதுக்குப் பின்னால் மட்டும், வெயிலுக்குத் தலையில் லேஞ்சித் துணி கட்டுகிற இடத்தில், ஒரு பிடி மாநிறம். அவாவேதான்.

மூன்றிலும் அதுதான் பார்வைக்கு எளிமையானது, இருபத்திரண்டு அங்குலம். நாற்பத்தோராயிரத்து ஐந்நூறு. பெட்டியைக் கட்டித் தரும்போது, பின்னேர வெயில் அடிக்கிற யன்னலுக்கு நேரே வைக்கவேண்டாம் என்று மட்டும் சொன்னார். பஸ் நிலையம்வரை தானே தூக்கிக்கொண்டு வந்தும் விட்டார்.

1.15. திரும்புகிற பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். வவுனியாக் கடைகளில் வரிசை வரிசையாக எத்தனை திரை, எல்லாவற்றிலும் யாராவது சிரிக்கிறார்கள். எங்கள் வீட்டில் ஒரு மேசை, ஒரு பிளக், ஒரு யன்னல். நல்ல சாமான் வாங்கினால் வழியில் யாருக்காவது சொல்லவேண்டும் போல இருக்கும். பக்கத்தில் இருந்த பொடியன் காதில் வயரை மாட்டிக்கொண்டு நித்திரை. வழிநெடுகக் கடுமையான தனிமை.

4.10. வீடு. மொனிற்றரைக் கொம்பியூற்றரோடு பூட்டி, வேலையைத் தொடங்கினேன். பின்னால் வானம் வைக்கவில்லை, குசினிக் கதவையே விட்டேன். முகத்தில் ஒரு புள்ளியும் தொடவில்லை. அட்டையை அனுப்பிக் கொஞ்ச நேரத்தில் அச்சக அண்ணை எழுதியிருந்தார்: கொஞ்சம் வெள்ளையாக்க வேண்டாமோ? வேண்டாம், அப்படியே அடியுங்கோ என்று எழுதினேன்.

அப்போதுதான் பக்கத்து வளவு இராசாத்தி சோற்றுப் பாத்திரத்தோடு வந்தாள். செத்தவீடு நடந்த நாளிலிருந்து எனக்குப் பின்னேரச் சாப்பாடு அவள் வீட்டிலிருந்துதான் வருகிறது. வாசலில் நின்றபடி உள்ளே திரையில் நின்ற அக்காவைப் பார்த்தாள். புது மொனிற்றர் என்று அவள் கவனிக்கவே இல்லை.

"வயலால வந்த உடன எடுத்தனீங்களோ?" என்றாள். "களைச்சுப்போய் நிக்கிறா. ஒரு தேத்தண்ணியைக் குடுத்திட்டு எடுத்திருக்கலாமே அக்கா."

குடுக்கேல்லை என்றேன். வெளிச்சம் போய்விடும், முதலில் படம், பிறகு தேத்தண்ணி என்று அவாவை அந்த வாசலில் நிறுத்திவைத்தது நான்தான்.