நான் எழுதிய நற்சாட்சிக் கடிதம்

ரோஸ் நிறக் காகிதத்தில் அச்சடித்த அந்த மருந்து "நோட்டீசை" மூக்கருகே கொண்டுபோனால் மண்ணெண்ணெய் வாடை அடிக்கும். விரலில் மை ஒட்டும். காரிமங்கலம் சந்தைக்குத் தமுக்கு அடித்துக்கொண்டு வரும் வண்டியிலிருந்து அதை அள்ளி அள்ளி வீசுவார்கள். யுத்த காலம், காய்ச்சலுக்குக் "கொயினா" மாத்திரை எங்கேயும் கிடைக்கவில்லை. என் தம்பி முருகேசனுக்கோ ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர்காய்ச்சல் வந்து, வயிற்றில் "கட்டி" விழுந்து, நாலு வயதுப் பிள்ளை இரண்டு வயதுப் பிள்ளையாக வற்றிப் போயிருந்தான்.

நோட்டீசில் இரண்டு படங்கள். மருந்துக்கு முன், எலும்பும் தோலுமாக ஒரு குழந்தை; மருந்துக்குப் பின், கொழுகொழுவென்று ஒரு குழந்தை. இரண்டும் வேறு வேறு பிள்ளைகளாக இருக்கலாம் என்று எங்களுக்கு யார் வந்து சொல்வது? அம்மா முதல் படத்தைத் தம்பியின் முகத்தோடு சேர்த்து வைத்துப் பார்த்தாள். "இவனாட்டமே இருந்த புள்ளதானே இது" என்றாள். அப்பா இல்லாத அந்த வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவள் பத்து வயதுக்காரி நான் ஒருத்திதான். கார்டு எழுதிப் போட்டேன். பட்டணத்திலிருந்து தபாலில் புட்டி வந்தது.

ஒரு வாரம் காய்ச்சல் எட்டிப் பார்க்கவில்லை. அப்புறம் வந்தது, முன்னைவிடக் கடுமையாக. அதற்குள் புட்டியும் காலி. "நல்லதா நாலு வார்த்த எழுது கண்ணு, அப்பத்தான் சீக்கிரம் அனுப்புவாங்க" என்றாள் அம்மா. ஒருவரிடம் ஒன்று கேட்பதென்றால் முதலில் அவர் மனம் குளிரப் பேசிவிட்டுத்தான் கேட்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதனால் பள்ளிக்கூடத்துக் கையெழுத்தில், அம்மா பேரில், அழகாக எழுதினேன்: "தங்கள் மருந்தால் என் மகன் குணமடைந்து ஓடியாடி விளையாடுகிறான். தங்கள் குடும்பம் நன்றாக இருக்க வேண்டும். அவன் பிழைக்க இன்னொரு புட்டி அவசரமாக அனுப்பவும்." நான் எழுதிக்கொண்டிருந்தபோது அவன் பக்கத்தில் பாயில் பல் கிட்டிக் கிடந்தான்.

புட்டி வந்தபோது அவனைப் புதைத்து எட்டு நாள் ஆகியிருந்தது. அம்மா அதைத் திறக்காமல் பரண்மேல் வைத்துவிட்டாள்.

தை மாதச் சந்தையில் புது நோட்டீசு பறந்து வந்தது. "நற்சாட்சிக் கடிதங்கள்" என்ற தலைப்புக்குக் கீழே அம்மாவின் பெயர், எங்கள் ஊர், என் வாக்கியங்கள். கடைசி வாக்கியத்தை மட்டும் காணோம். "என்ன கண்ணு போட்டிருக்குது?" என்று அம்மா கேட்டாள். "அதே மருந்துதாம்மா" என்று சொல்லி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

மறைத்து என்ன பயன்? மாதம் திரும்புவதற்குள் இண்டூரிலிருந்து ஒரு பெண், இடுப்பில் வற்றிய பிள்ளையோடு, ஊர் ஊராக விசாரித்துக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். "உங்க பையனுக்குச் சொகமாச்சுன்னு நோட்டீசுல படிச்சுச் சொன்னாங்க. அவனைக் கூப்புடுங்க, ஒருக்கா கண்ணால பாத்துட்டுப் போறனுங்க."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் எங்கே கொண்டுபோய்த் தொலைப்பேன்? பிறகு அந்தப் பெண்ணிடம் திரும்பி, "எம் புள்ள செத்துட்டானுங்க. அந்த மருந்த நம்பாதீங்க" என்றாள்.

அவள் நம்பவில்லை. "அச்சுல போட்டிருக்குதுங்களே" என்றாள். பரண்மேல் இருந்த புட்டி அவள் கண்ணில் பட்டுவிட்டது. "இருக்கறத இல்லீன்னு சொல்லாதீங்க" என்று பிள்ளையோடு அம்மாவின் காலில் விழுந்தாள். அம்மா அவளைத் தூக்கி நிறுத்தினாள். பின்பு புட்டியை எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

"ஏம்மா குடுத்தே?" என்று நான் கத்தினேன்.

"அன்னிக்கு யாராச்சும் வந்து வேணாம்னு சொல்லியிருந்தா நாங் கேட்டிருப்பனா?"

இண்டூர்ப் பிள்ளை பிழைத்ததா என்று எனக்குத் தெரியாது. அந்த மருந்துக் கம்பெனி போயிற்று, தமுக்கு வண்டி போயிற்று, ரோஸ் காகிதமும் போயிற்று. இன்று தொலைக்காட்சியில் யாராவது சிரித்த முகத்தோடு "எனக்குக் குணமாகிவிட்டது" என்று சொன்னால், இவர் சொன்னதில் கடைசி வரியை வெட்டியிருப்பார்களோ என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. என் கடிதத்தில் உண்மையாக இருந்தது அந்த வரி ஒன்றுதான்.